பழைய மாருதி 800-இல் தண்ணீர் ஒழுக்கு: அறிகுறி பார்த்து ரேடியேட்டரை மாற்றும் முறை

1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி 2014 ஜனவரி வரை தயாரிப்பில் இருந்த மாருதி 800, வீட்டு வாசலில் வைத்து வேலை பார்ப்பதற்கு ஏற்ற கார்களுள் ஒன்று. 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட சிறிய எஞ்சின், முன்புறம் கைக்கு எட்டும் ரேடியேட்டர், அதன் பின்னால் மின்சாரத்தில் சுழலும் ஃபேன், கையால் மாற்றும் கியர் என்று எல்லாமே எளிமையானவை. கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய்கள் ரேடியேட்டருக்குள் போகாததால், இரண்டு ஹோஸ்களையும் ஒரு சிறு ரப்பர் குழாயையும் ஃபேனின் மின் இணைப்பையும் கழற்றினால் ரேடியேட்டர் தனியாக வந்துவிடும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு இது அரைநாள் வேலைதான். ஆயினும் கழற்றுவது எளிது என்பதற்காகவே கழற்றிவிடக் கூடாது. தண்ணீர் குறைகிறது என்றவுடன் ரேடியேட்டரை மாற்றிவிட்டு, பிறகு குற்றம் மூடியிலோ வாட்டர் பம்பிலோ இருந்ததைக் கண்டுபிடிப்பது பட்டறைகளில் அடிக்கடி நடப்பதுதான். ஆகவே தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம். ஸ்பேனர் அதற்குப் பிறகு வரட்டும்.

எந்தச் சோதனையையும் எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த பின்னரே தொடங்க வேண்டும். ரேடியேட்டர் மூடி உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், உள்ளிருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 118 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே கணத்தில் விலகி, கொதிநீரும் ஆவியும் முகத்துக்கு நேராகப் பீய்ச்சி அடிக்கும். கனமான துணியைப் போட்டு மெல்லத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த யோசனையைக் கேட்காதீர்கள். மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, அது தொய்வாகவும் கைக்குச் சூடு தெரியாமலும் இருந்தால் மட்டுமே மூடியில் கை வையுங்கள்.

காலையில் காருக்கு அடியில் ஈரம் இருக்கிறது

இரவு காரை நிறுத்தும்போது எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டுவிடுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் கறையின் இடமும் நிறமும் பாதி விடையைச் சொல்லிவிடும். இடப்பக்கம் பயணியின் காலுக்குக் கீழே நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் சொட்டியிருந்து, முந்தைய மாலை ஏசி ஓடியிருந்தால், அது ஏசியிலிருந்து வடிந்த நீர். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விரலில் எடுத்துத் தேய்க்கும்போது வழுவழுப்பாகவும், லேசான இனிப்பு வாடையுடனும், பச்சையாகவோ துருப்பிடித்த பழுப்பாகவோ இருந்தால் அது கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். ருசி பார்க்கும் ஆசை வேண்டாம், அது நஞ்சு.

கறை பம்பருக்கு நேர் பின்னால் இருந்தால் ரேடியேட்டரையோ கீழ் ஹோஸையோ சந்தேகிக்கலாம். பெல்ட் இருக்கும் பக்கமாகத் தள்ளி இருந்தால் வாட்டர் பம்பைப் பார்க்க வேண்டும். பம்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்துவிட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறிவிட வேண்டும் என்பதற்காகவே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து வழிந்த தடம் தெரிந்தால் பம்பின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த கார்களும் உண்டு. சில வாரங்களில் பேரிங் கத்தத் தொடங்கும்.

தண்ணீர் வெளியேறும் இடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். எஞ்சினையும் ரேடியேட்டரையும் கழுவிக் காயவிட்டு, ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைத்த பின், டார்ச் விளக்குடன் பாருங்கள். அணைத்த முதல் பத்து நிமிடங்களில்தான் உள்ளிருக்கும் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். ஓடும்போது காட்டாத ஒழுக்கும் அப்போது காட்டிக்கொடுக்கும். கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது சொல்லாமல் சுழலத் தொடங்கும். ரேடியேட்டர் பட்டறைகளில் மூடிக்குப் பதிலாகப் பொருத்தி அழுத்தம் ஏற்றும் கைப்பம்பு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஒழுக்கைக் காட்டிவிடும் என்பதால், அதைக் கொண்டு பார்த்துத்தரச் சொல்வது நல்லது.

அடியில் ஈரமே இல்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

இந்த அறிகுறிதான் பலரையும் ஏமாற்றுகிறது. ரேடியேட்டரின் கோரில், அதாவது மெல்லிய குழாய்களும் தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதியில், ஊசிமுனை அளவு துளை விழுந்திருந்தால், வெளிவரும் துளி சூடான தகடுகளின் மேலேயே ஆவியாகிவிடும், தரைக்கு வந்து சேராது. ஆனால் அது தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும். தகடுகளுக்கு இடையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தாற்போல் ஒரு படிவு தெரியும். செம்புக் கோரில் இது மயில்துத்த நிறத்தில் இருக்கும். கோரின் இரு முனைகளிலும் இருக்கும் டேங்க் பிளாஸ்டிக்கால் ஆன ரேடியேட்டரில், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மடித்துக் கவ்வும் விளிம்பு நெடுகவும், மேல் ஹோஸ் நுழையும் கழுத்தைச் சுற்றியும் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சூடுபட்டுக் கருநிறம் போய்ப் பழுப்பேறிய பிளாஸ்டிக், நகத்தால் தட்டினாலே மொறுமொறுப்பு தெரியும் நிலையில் இருக்கும். அங்கே தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் அந்த டேங்கை நம்பக் கூடாது.

கோர் சுத்தமாக இருந்தால் அடுத்தது மூடி. மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, அழுத்தம் மிஞ்சும்போது தண்ணீரை ரிசர்வ் டப்பாவுக்கு அனுப்பும். நடுவிலுள்ள சிறியது, எஞ்சின் குளிரும்போது அந்தத் தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்தோ, ஆழமான பள்ளம் விழுந்தோ இருந்தால் மூடியை மாற்றுங்கள். பெரிய செலவில்லை, சந்தேகத்தின் பேரில் மாற்றிப் பார்க்கத் தகுந்த ஒரே உதிரிப்பாகம் அதுதான். மேலே அச்சிட்டிருக்கும் அழுத்த எண் பழையதுடன் ஒத்திருக்க வேண்டும். கூடுதல் எண் உள்ள மூடியைப் போட்டால், இருபது வயது ரேடியேட்டரின் பலவீனமான இடம் எதுவோ அது திறந்துகொள்ளும்.

ஹீட்டர் உள்ள காரில் முன்பயணி கால்வைக்கும் இடத்து விரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற மங்கல் படிந்தால், ஒழுகுவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர்.

கடைசிச் சந்தேகம், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, வாய்ப்பகுதியில் தண்ணீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஓரிரு குமிழிகள் வருவது இயல்பு. சோடாவைத் திறந்தாற்போல் விடாமல் குமிழிகள் வந்துகொண்டிருந்தால், எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தாலும், சூடேறிய பின்னும் சைலன்சரிலிருந்து இனிப்பு வாடையுடன் வெண்புகை வந்தாலும் முடிவு அதுவே. அந்நிலையில் புது ரேடியேட்டர் போடுவது வீண்செலவு.

நெரிசலில் மட்டும் சூடு ஏறுகிறது, அல்லது நெடுஞ்சாலையில் மட்டும்

சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குற்றம் பெரும்பாலும் ஃபேனில் இருக்கும். ஓடும்போது எதிர்க்காற்றே போதும் என்பதால் அப்போது குறை தெரிவதில்லை. ஃபேன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, இரண்டு ஒயர்களால் நேரடியாக பேட்டரியுடன் இணைத்துப் பாருங்கள். சுழலாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுழன்றால் ஃபியூஸ், ரிலே, வெப்பம் உணரும் சுவிட்ச் என்ற வரிசையில் தேடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ முள் சிவப்பை நோக்கிப் போனால், எஞ்சின் கக்கும் வெப்பத்தை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை. போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரில் குழாய்களின் உட்புறம் சுண்ணாம்பு கட்டி, பாதிக் குழாய்கள் அடைந்துபோயிருக்கும். சூடான நிலையில் ஃபேனின் பிளக்கைக் கழற்றிவிட்டு, கோரின் முகத்தைப் புறங்கையால் தூரத்திலிருந்தே தடவுவதுபோல் உணர்ந்து பாருங்கள்; அடைத்த பகுதி சுற்றிலும் இருப்பதைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும்.

மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைக் கழற்றிப் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்கினால், கொதிநிலைக்குக் கணிசமாக முன்பே அது திறந்தாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று அதைக் கழற்றி எறியும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

முள்ளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தண்ணீர் பெருமளவு வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு குறைந்த சூட்டையே காட்டக்கூடும். ஏறியிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் மகிழ்ச்சி அடையாமல் ஓரமாக நிறுத்துங்கள். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால் செலவு ரேடியேட்டரைப்போல் பல மடங்கு.

ஒழுக்கு ரேடியேட்டரில்தான்: ஈயம் வைப்பதா, மாற்றுவதா

செம்பும் பித்தளையும் கொண்ட பழைய ரேடியேட்டராக இருந்து, ஒழுக்கு டேங்கின் இணைப்பிலோ கோரில் ஓரிடத்திலோ இருந்தால், ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம். டேங்கைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பும் எடுத்துத் தருவார்கள். இக்காலத்தில் விற்கும் அலுமினிய ரேடியேட்டர்களைவிட, சுத்தம் செய்த பழைய செம்பு ரேடியேட்டர் பல சமயம் நீடித்து உழைக்கிறது என்பது என் கருத்து. தகடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தாலோ, பல இடங்களில் பச்சை பூத்திருந்தாலோ அதற்கும் மாற்று தேவைதான். பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்டால் விவாதமே இல்லை, மாற்ற வேண்டும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போடும் வைத்தியம் நெடுஞ்சாலையோரத்தில் இன்றும் நடக்கிறது. அடுத்த ஊர் வரை போய்ச்சேர அது உதவலாம். ஆனால் துளையை அடைக்கும் தூளுக்கு, துளை எது, நல்ல குழாய் எது என்று தெரியாது. போட்டவர்கள் ஊர் சேர்ந்ததும் முழுவதையும் அலசிவிட வேண்டும்.

புதியதை வாங்கப் பழையதைக் கையோடு எடுத்துச் செல்வதே சரி. கார்புரேட்டர் வண்டிக்கும், இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டிக்கும், ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறுபாடுகள் உண்டு. ஹோஸ் கழுத்துகளின் விட்டம், ஃபேன் பொருத்தும் துளைகள், தாங்கும் காதுகள், கோரின் தடிமன் ஆகியவற்றைக் கடையிலேயே பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மேல், கீழ் ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் மூடியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கழற்றும்போது வரும் தடங்கல்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்; செங்கலும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். பிறகு மூடியைத் திறந்து, கீழே அகலமான தொட்டி வைத்து, டிரெயின் பிளக்கைத் திருகித் தண்ணீரை இறக்குங்கள்.

பிளக் திரும்ப மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். கீழ் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தினால் அதே தண்ணீர் அங்கே இறங்கும், சட்டை மட்டும் நனையும். ஹோஸ் கழுத்தில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால், ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பாமல், கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்துவிடுங்கள். எப்படியும் புதிய ஹோஸ்தான் போடப்போகிறோம். எஞ்சின் பக்கத்துக் கழுத்துக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை. அலுமினியத்தில் விழும் கீறல் பிறகு ஒழுக்காக மாறும்.

தாங்கும் போல்ட்கள் துருவேறி இறுகியிருந்தால், முந்தைய நாள் இரவே துருநீக்கி எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் ஒரேயடியாகத் திருகாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்தால் மரை அறாமல் வெளிவரும். போல்ட் தலையோடு சேர்ந்து உள்ளே நட்டும் சுற்றினால், நட்டைப் பற்றியிருந்த பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும்; பின்னாலிருந்து கிரிப் பிளையரால் பிடித்துக்கொள்ள ஒருவர் தேவை.

ரேடியேட்டரை ஃபேனோடு சேர்த்து நேராக மேலே தூக்குங்கள். ஏசி காரில் அதற்கு முன்னால் இருக்கும் கண்டென்சரை அதன் இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதன் குழாய்களில் அழுத்தத்துடன் கேஸ் இருப்பதால் எந்த இணைப்பையும் தளர்த்தக் கூடாது, இழுத்து வளைக்கவும் கூடாது. வெளியே எடுத்ததும் கண்டென்சரின் பின்முகத்தில் அடைந்திருக்கும் பூச்சிகளையும் புழுதியையும் மெல்லிய நீர்வீச்சால் கழுவுங்கள். வேறெப்போதும் எட்டாத இடம் அது.

புதியதைப் பொருத்துவது

எஞ்சினுக்குள் தங்கியிருக்கும் துருநீரைத் தோட்டத்து ஹோஸ் வைத்து, கலங்கல் தெளியும் வரை அலசி வெளியேற்றிய பிறகே புதியதை இறக்க வேண்டும். பழைய ரேடியேட்டரின் அடியில் இருந்த ரப்பர் மெத்தைகளையும், பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் பட்டைகளையும் மறக்காமல் மாற்றிப் போடுங்கள். மெத்தை இல்லாவிட்டால் அதிர்வு நேராக டேங்குக்குப் போகும். பட்டை இல்லாவிட்டால் காற்று கோருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் தப்பிவிடும்.

ஹோஸின் உள்வாயைத் தண்ணீரால் நனைத்துச் செருகுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். கழுத்தில் மேடாக ஒரு வளையம் இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உட்புறமாக அமர வேண்டும். மேட்டின் மேலேயோ ஹோஸின் நுனியிலோ அமர்ந்தால் சூட்டில் நழுவும். பிளாஸ்டிக் கழுத்தில் பலம் காட்டாதீர்கள். ரப்பர் கிளாம்பின் துளைகள் வழியே பிதுங்கத் தொடங்கினால் இறுக்கியது அதிகம்.

கூலண்ட் அப்படியே ஊற்றும் வகையா, தண்ணீர் கலக்க வேண்டியதா என்பதை டப்பாவில் படித்துக்கொள்ளுங்கள். கலக்க வேண்டியதென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி. நம் ஊரில் தண்ணீர் உறைந்துபோகும் என்ற பயம் இல்லாவிட்டாலும், துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும் கூலண்ட் வேண்டும். பச்சையையும் சிவப்பையும் கலந்து ஊற்றாதீர்கள். நிறம் ஒன்றாக இருப்பதாலேயே வகையும் ஒன்று என்று எண்ணிவிடவும் வேண்டாம்.

பொருத்திய பிறகும் பிரச்சினை

தண்ணீர் நிரம்பியிருந்தும் முள் ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. இதைத் தவிர்க்க, முதல் முறை நிரப்பும்போதே ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெல்ல மெல்ல ஊற்றி, இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்துவிடுங்கள். மூடி திறந்தபடியே எஞ்சினை மிதமாக ஓடவிட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் சட்டென்று இறங்கும். அதை நிரப்பி, குமிழிகள் நின்றதும் மூடுங்கள். அந்த நேரத்தில் முகத்தை மேலே நீட்டாதீர்கள், சில சமயம் பொங்கி வழியும். காரின் முன்பக்கம் சற்று மேடாக நின்றால் காற்று எளிதாக வெளியேறும். ரிசர்வ் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிரப்பி, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மீண்டும் பார்த்தால் மட்டம் சற்று இறங்கியிருக்கும். அது ஒழுக்கு அன்று, எஞ்சியிருந்த காற்று வெளியேறியதன் அடையாளம், ஊற்றி நிரப்பிவிடுங்கள்.

ஃபேன் ஓடியும் நிற்கும்போது சூடு குறையவில்லையென்றால், ஒரு தாளை கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். தாள் உள்நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால், இணைக்கும்போது ஃபேன் மோட்டாரின் ஒயர்கள் இடம் மாறிவிட்டன.

எஞ்சின் குளிர்ந்த பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், மூடியின் சிறு வால்வு திறக்கவில்லை, அல்லது ரிசர்வ் டப்பாவுக்குப் போகும் சிறு குழாய் மடங்கியிருக்கிறது. குழாயில் விரிசல் இருந்தால் இதற்கு மாறாக, டப்பா நிரம்பியே இருக்க ரேடியேட்டர் வற்றும். அது தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது.

புதிய ஹோஸின் முனையில் ஒரு வாரத்துக்குள் ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ரப்பர் சூட்டில் அமர்ந்துவிட்டிருக்கும், குளிர்ந்தபின் கிளாம்பை அரைச்சுற்று இறுக்கினால் போதும். புதிய ரேடியேட்டரின் விளிம்பிலிருந்தே சொட்டினால் எதையும் பூசிப் பார்க்காமல், பில்லுடன் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். பசை பூசிய ரேடியேட்டரைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

வடித்த பழைய கூலண்டை மூடியுள்ள கேனில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாயும் பூனையும் அதை நக்கிக் குடிக்கும், சிறிதளவே அவற்றைக் கொல்லப் போதுமானது. சாக்கடையிலும் செடிப்பாத்தியிலும் கொட்டக் கூடாது. கழற்றிய ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தால் புதியது வாங்கும் கடையிலேயே சும்மா விட்டுவிடாமல், பழைய இரும்புக் கடையில் எடைபோட்டுக் கேளுங்கள்; செம்பின் விலைக்குக் கிளாம்ப், கூலண்ட் செலவில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும்.